முகத்தின் கொழுப்பறைகள்

கன்னம் ஒட்டுவதும் மூக்கோரத்தில் மடிப்பு விழுவதும் முதுமையின் அடையாளங்கள். தோல் தளர்ச்சியே இவற்றுக்குக் காரணம் என்று பலரும் எண்ணுவர். 2007-ல் அமெரிக்க அறுவை மருத்துவர்களான ரோரிக், பெஸ்ஸா ஆகிய இருவரும் இறந்தோரின் முகங்களில் சாயம் செலுத்தி ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். சாயம் எங்கும் பரவாமல் ஆங்காங்கே தேங்கி நின்றது. ஆகவே முகக் கொழுப்பு ஒரே படலமன்று, மெல்லிய சுவர்களால் பிரிக்கப்பட்ட பல அறைகளாலானது என்பது புலனாயிற்று.

வயது ஏறுங்கால் இவ்வறைகள் ஒருசேர மாறுவதில்லை. கன்னத்தின் ஆழ்ந்த அறை வற்றினால் அதன் மேற்பகுதி தாங்கலின்றித் தாழ, மடிப்பு ஆழமாகிறது. எனவே மடிப்பை மட்டும் நிரப்புவதைவிட, எலும்பையொட்டிய ஆழ்ந்த அறையைச் சிறிதளவு நிரப்புதல் பல சமயங்களில் பொருத்தமாகும்.

இதற்குப் பெரிதும் பயன்படுவது ஹயலூரானிக் அமிலக் கூழ். அது தவறி இரத்தக் குழாயினுள் புகுந்தால் தோல் அழுகலாம், பார்வையும் போகலாம். மூக்கும் புருவநடுவும் மிகுந்த இடருடையவை. கூழைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் என்னும் நொதி மருத்துவரின் கைவசம் இருத்தல் இன்றியமையாதது.

ஐதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகரிலாயினும் சிற்றூரிலாயினும் பயிற்சி பெற்ற மருத்துவரிடமே இவ்வூசியை ஏற்றல் வேண்டும். ஊசிக்குப்பின் கடும் வலியோ, தோல் வெளிறலோ, பார்வை மங்கலோ தோன்றின் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். இதனைக் களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு எடுத்துரைப்பார்களாக.