கருவுற்ற தாயின் உறங்காத இரவுகள்

“பிள்ளை பெறுவதென்றால் சும்மாவா? நாங்களெல்லாம் பெறவில்லையா?” கருவுற்ற மருமகள் இரவில் உறக்கமில்லை என்று சொன்னால், நம் குடும்பங்களில் பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுதான். வீடு சந்திக்கச் செல்லுமிடங்களில் நாமும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். சொல்பவர் கொடியவரல்லர். தாம் பட்டதை மருமகளும் பட்டுத்தான் தீரவேண்டும் என்று உண்மையாகவே நம்புகிறார். ஆனால் அந்த விடைக்குப் பின் அப்பெண் வாய் திறப்பதில்லை. உறக்கமின்மையைவிட அந்த மௌனமே நமக்கு மிகுந்த கவலை தருகிறது. உறங்காத இரவுகளுக்கான காரணங்களுட் பல வீட்டிலேயே தீர்க்கத் தக்கவை. சில, மருத்துவர் உடனே அறியவேண்டியவை. எது எதுவெனப் பிரித்தறிய வேண்டுமாயின் அவள் பேசவேண்டும். வீட்டார் செவிகொடுக்க வேண்டும்.

நாம் மருத்துவரல்லோம். மருத்துவ நூல்கள் கூறுவனவற்றுள் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவற்றை மட்டும் இங்கே எடுத்துரைக்கிறோம்.

கருவுற்ற உடல் இரவிலும் ஓய்வதில்லை. சிறுநீரகங்கள் வழக்கத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேலை செய்கின்றன. கடைசி மாதங்களில் கருப்பை சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. பகலெல்லாம் நின்ற கால்களில் தேங்கிய நீரும், படுத்தவுடன் இரத்தத்தில் திரும்பிச் சேர்ந்து சிறுநீராகிறது. ஆகவே மாலையில் அரைமணி நேரம் கால்களை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தால் இரவில் எழுவது குறையும். இதற்கு அஞ்சித் தண்ணீரையே குறைத்துக்கொள்வது தவறு. பகலில் நிறையக் குடித்து, இரவு உணவுக்குப் பின் அளவோடு குடித்தால் போதும். பிற்பகலுக்குப் பின் காப்பியும் தேநீரும் வேண்டாம்.

அடுத்தது நெஞ்செரிச்சல். எல்லாரும் உண்டெழுந்த பின் இரவு பத்து மணிக்கு மீதமிருப்பதை உண்டு, பாத்திரங்களைத் துலக்கிவிட்டு, அப்படியே படுக்கையில் விழும் பெண்ணுக்கு நெஞ்செரிச்சல் வராவிட்டால்தான் வியப்பு! கருவுற்றவள் முதலில் உண்ணட்டும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் உண்டு, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுத்தால் பெரிதும் குறையும். நெஞ்செரிச்சல் மிகுந்தால் பிள்ளைக்கு முடி மிகுதி என்று பாட்டிமார் கூறுவர். அதைப் பொய்யென நிறுவ எண்ணி, 2006இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 64 கர்ப்பிணிகளை ஆராய்ந்தார்கள். பாட்டிமார் சொன்னதே சரியாக இருந்தது!

ஆயினும் பாட்டிமார் கூறும் மற்றொன்றை நாம் ஏற்பதற்கில்லை. படுத்தபடியே ஒருபுறமிருந்து மறுபுறம் புரண்டால் கொடி பிள்ளையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்துதான் திரும்பிப் படுக்க வேண்டும் என்பர். இதை நம்பி எட்டாம் மாதத்திலும் ஒவ்வொரு முறையும் கையூன்றி எழுந்து உட்கார்ந்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். பிள்ளை தன் நீர்க்குடத்துக்குள் தானே சுழன்று விளையாடுவதால்தான் கொடி சுற்றுகிறது. நான்கைந்து பிரசவங்களில் ஒன்றில் இது காணப்படும். பெரும்பாலும் தீங்கு விளைப்பதில்லை. தாய் புரள்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எழும்போது ஒருக்களித்துக் கையூன்றி எழுவது இடுப்புக்கு நல்லது, அவ்வளவே.

படுக்கும் நிலையைப் பற்றி அறியவேண்டியது வேறொன்று. கடைசி மூன்று மாதங்களில் மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்துகிறது. 2011இல் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து வெளிவந்த ஆய்வும், அதன்பின் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளும், மல்லாந்து உறங்கச் செல்வோரிடையே பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் இடர் கூடுவதைக் காட்டின. ஆகவே 28 வாரங்களுக்குப் பின் ஒருக்களித்தே உறங்கச் செல்க. இடப்பக்கம் மட்டுமே என்பதில்லை. வலப்பக்கமும் தீங்கற்றது என்று 2019இல் வெளிவந்த தொகுப்பாய்வு தெரிவிக்கிறது. நடுவில் விழித்தபோது மல்லாந்திருந்தால் அஞ்சவேண்டாம். திரும்பிப் படுத்தால் போதும். முழங்கால்களின் இடையே ஒரு தலையணையும் வயிற்றின்கீழ் மடித்த பழஞ்சேலையும் வைத்துக்கொண்டால் இடுப்புவலி தணியும்.

சிலருக்குப் படுத்தவுடன் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போலிருக்கும். காலை ஆட்டினால்தான் ஆறுதல். இரும்புச்சத்துக் குறைவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்குகிறது, குமட்டுகிறது என்று பலர் அதை அலமாரியிலேயே வைத்துவிடுகின்றனர். தேநீரோடு விழுங்கினாலோ, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினாலோ அது உடலில் சரியாகச் சேர்வதில்லை. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை அதற்குத் துணை. குமட்டினால் செவிலியரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், நிறுத்திவிடலாகாது.

இனி மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மருந்துக் கடையில் ‘தூக்கத்துக்கு ஒரு மாத்திரை’ என்று கேட்டு வாங்குவது சிறு காரியமாகத் தோன்றலாம். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் உறக்க மருந்து விற்பனைக்கு வந்தது. முற்றிலும் தீங்கற்றது என்று விளம்பரம் செய்தனர். மருத்துவர் சீட்டின்றியே அங்கு கிடைத்தது. உறக்கத்துக்காகவும் மசக்கைக் குமட்டலுக்காகவும் பல நாடுகளில் கர்ப்பிணிகள் அதை உட்கொண்டனர். பின்னர் கைகளின்றியும் குறுகிய கால்களோடும் குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. 1961 நவம்பரில் ஹாம்பர்க் நகரக் குழந்தை மருத்துவர் விடுகின்ட் லென்ஸ் காரணத்தை எடுத்துக்காட்டிய சில நாட்களுக்குள் அங்கு விற்பனை நின்றது. அதற்குள் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர் என்று கணக்கிடுகின்றனர். பலர் கைக்குழந்தைகளாகவே மாண்டனர். அமெரிக்காவில் அம்மருந்து கடைகளுக்கு வரவில்லை. 1960இல் அந்நாட்டு மருந்துக் கண்காணிப்புத் துறையில் சேர்ந்த பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண்மணி, அதன் பாதுகாப்புக்குரிய சான்றுகள் போதா என்று கூறி, நிறுவனம் பலமுறை வற்புறுத்தியும் அனுமதி தர மறுத்துவிட்டார். 1962இல் குடியரசுத் தலைவர் கென்னடி அவருக்குப் பதக்கம் அளித்துப் போற்றினார்.

அம்மருந்தை விழுங்கிய தாய்மார் நல்லுறக்கம் தவிர வேறெதையும் வேண்டியவர்களல்லர். ஆகவே உறக்கத்துக்கான எந்த மாத்திரையும், இருமல் மருந்தும், ‘இயற்கையானது’ என்று விற்கும் லேகியமும், பிரசவ மருத்துவரைக் கேளாமல் வேண்டாம். அதே வேளையில், வலிப்புக்கோ மனநோய்க்கோ முன்பே மருந்து உண்பவர்கள் கருவுற்றதும் தாமாகவே அதை நிறுத்திவிடுவதும் ஆபத்தானது. அதையும் மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

உடலின் காரணங்களைச் சொன்னோம். தலையணையால் தீராத காரணங்களும் உண்டு. இரண்டு பெண்குழந்தைகளுக்குப் பின் மூன்றாவதும் பெண்ணாகிவிடுமோ என்று விழித்திருக்கும் தாயை நாம் அறிவோம். பிள்ளை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தந்தையின் உயிரணு என்பது பள்ளிப் பாடம். அதை அறிந்தும் அவளைக் குறைகூறும் வீட்டில் உறக்கம் எங்கிருந்து வரும்? குடித்துவிட்டு நள்ளிரவில் வரும் கணவனின் காலடி ஓசைக்கு அஞ்சிக் காத்திருப்பவளிடம், வெதுவெதுப்பான பால் அருந்தும்படி அறிவுரை கூற நமக்கு மனம் வரவில்லை. அங்கே மருந்து வேண்டியவன் அவனே.

அச்சமும் கவலையும் கலைத்த உறக்கத்தைப் படுக்கையிலேயே கிடந்து துரத்தவேண்டாம். இருபது நிமிடம் போல் ஆகியும் கண்ணயராவிட்டால் எழுந்து அமைதியாக உட்கார்ந்து, உறக்கம் வரும்போது படுக்கலாம். மணியைப் பார்க்க வேண்டாம். கைப்பேசியைக் கையில் எடுக்கவே வேண்டாம். செபமாலை சொல்லிக்கொண்டே உறங்கிவிடுகிறோமே, பாவமா என்று கேட்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்வோம்: செபத்தில் கண்ணயர்ந்ததற்காகத் தாம் வருந்துவதில்லை, உறங்கும் குழந்தையையும் பெற்றோர் நேசிக்கிறார்களல்லவா என்ற கருத்துப்பட எழுதியவர் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள்.

இரவில் இழந்ததைச் சற்றேனும் ஈடுசெய்யப் பகலில் வழி வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குள் அரைமணி அல்லது ஒருமணி நேரம் படுக்கலாம். அதற்கு வீட்டார் இடம் கொடுக்க வேண்டுமே! காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் பிடிப்பவர் யார்? பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு உணவு கட்டுபவர் யார்? இவ்விரண்டையும் கணவர் மேற்கொண்டால், விடியலில் வரும் உறக்கமாவது அவளுக்கு மிஞ்சும். கழிப்பறை வீட்டுக்கு வெளியே உள்ள ஊர்களில் இரவில் தனியே செல்ல அஞ்சிச் சிறுநீரை அடக்கிக்கொண்டு விழித்துக்கிடப்பவர்களும் உண்டு. அங்கே ஒரு விளக்கும், கூட எழுந்து வரும் ஒரு துணையும் போதும். முதிய வயதில் கருவுற்ற எலிசபெத்தம்மாளிடம் மரியன்னை ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருந்தார். அங்கே என்னென்ன செய்தார் என்று லூக்கா எழுதவில்லை. தங்கினார் என்று மட்டுமே எழுதியிருக்கிறார்.

இறுதியாக, வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தக் கூடாத சில அறிகுறிகள். கடைசி மாதங்களில் தடிப்பு ஏதுமின்றி உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடுமையாக அரித்தால், அது கல்லீரல் கோளாறாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை வேண்டும். புதிதாகக் குறட்டை தோன்றி மூச்சுத் திணறி விழித்தாலும், இரண்டு வாரங்களாக எதிலும் மனம் பற்றாமல் அழுகையும் உறக்கமின்மையும் தொடர்ந்தாலும், தயங்காது மருத்துவரிடம் சொல்லவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ அப்பெண்ணைத் தனியே விடாமல் உடனே அழைத்துச் செல்லவேண்டும். கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல், அந்த இரவிலேயே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.