வி-8 பித்து – 14: ஒரு பக்கமா இழுக்குது

போன வாரம் 1964 போன்டியாக் ஜிடிஓவில் நிறுத்தினேன். நடுத்தர உடம்புக்குள் பெரிய என்ஜின், அவ்வளவுதான்; மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் சோழவரம் பந்தயத்தைப் பற்றி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நடுவில் ஒரு டயர் குறுக்கே வந்துவிட்டது.

என் பழைய அம்பாசடர் ஒரு மாதமாக இடப்பக்கம் இழுக்கிறது. திண்டுக்கல் ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் புளியமரத்தைப் பார்த்துப் போகும். அலைன்மென்ட் பார்த்துக் காசு வாங்கிய கடையில் “ரோடு சரிவு சார்” என்று அனுப்பிவிட்டார்கள். வையம்பட்டியில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் குத்தவைத்து உட்கார்ந்து டயரைத் தடவினார். வெளி விளிம்பு மட்டும் மொழுமொழுவென்றிருந்தது.

“ரோட்டு மேல எதுக்கு சார் பழி? கேம்பர் போயிருச்சு, சக்கரம் சாஞ்சு நிக்குது. புஷ் மாத்தணும்.”

அப்போதுதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “அண்ணே, அமெரிக்காவுல இப்படி இழுக்குறதுக்குன்னே வண்டி கட்டுறாங்க” என்றேன்.

நாஸ்கார் பந்தயத்தின் பெரும்பாலான தடங்கள் நீள்வட்டம். கடைசிவரை இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். ஆகவே வலப்பக்க டயரின் சுற்றளவை இடப்பக்கத்தைவிடச் சற்றே கூட்டி வைக்கிறார்கள். முன்சக்கரங்கள் இரண்டையும் இடப்பக்கம் சாய்க்கிறார்கள். எடையையும் முடிந்தவரை இடப்பக்கமே தள்ளுகிறார்கள். நம் ஊரில் எதைச் சரிசெய்யச் சொல்லி ஜனம் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிறதோ, அதையே அங்கே பாடுபட்டு உண்டாக்குகிறார்கள்!

அண்ணன் நம்பவில்லை. டீக்கடை பெஞ்சில் காலி டம்ளரைப் படுக்கப் போட்டு உருட்டிக் காட்டினேன். வாய் அகலம், அடி குறுகல். அடிப்பக்கமாக வளைந்து, அரை வட்டம் போட்டுக் கீழே விழுந்தது. கடைக்காரர் முறைத்தார். அண்ணன் டம்ளரை எடுத்து ஊதிவிட்டு இன்னொரு தடவை உருட்டினார்.

“சரி, நேர் ரோட்டுல?”

“டிரைவர் வலது பக்கமா பிடிச்சுக்கிட்டே போகணும்.”

“அப்ப கை வலிக்குமே!”

அந்த வலியைப் பட்டவர் நம் கோயம்புத்தூர்க்காரர். 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன், 2010 மார்ச்சில் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் இறங்கினார். டிரக் என்றதும் நெல் மூட்டை ஏற்றும் லாரியை நினைக்காதீர்கள். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் செவர்லே சில்வராடோ பிக்கப்பின் தோற்றத்தை மாட்டிய பந்தய வண்டி. ஒரு சுற்று 847 மீட்டர்தான். அப்படி 250 சுற்று.

அந்த வண்டிக்குள் 5.86 லிட்டர் வி-8, கிட்டத்தட்ட நாலு அம்பாசடர் என்ஜின். ஆனால் வேலை செய்யும் விதம் அதே பழைய விதம்: கேம் ஷாப்ட் பிளாக்கில், மேலே புஷ் ராடு, ராக்கர் ஆர்ம், தலையில் கார்புரேட்டர். இதைக் கேட்டதும் அண்ணன் முகம் மலர்ந்தது. “டேப்பட் அடிக்கணுமா?” அடிக்கத்தான் வேண்டும், பதினாறு வால்வுக்கும். “ஃபில்லர் கேஜ் என்கிட்ட இருக்கு” என்றார், நாளைக்கே விமானம் ஏறுகிறவர் போல.

மார்ட்டின்ஸ்வில்லில் ஜெயித்தால் கோப்பை கிடையாது. ஆளுயரப் பெண்டுலக் கடிகாரம். 1964இலிருந்து அதுதான் வழக்கம். நரேன் 13ஆவதாக வந்தார். கடிகாரம் கிடைக்கவில்லை. முதல் பந்தயத்துக்கு அது நல்ல இடம் என்பேன். அந்த ஆண்டு முடிவில் டிரக் தொடரின் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு மிகப் பிரியமான ஓட்டுநராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

என் வண்டிக்குப் புஷ் இன்னும் வரவில்லை. சோழவரம் அடுத்த வாரம், கட்டாயம். அந்தப் பழைய விமான ஓடுதளத்தில் எழுபதுகளில் பந்தயம் பார்த்தவர்கள் புகைப்படம் வைத்திருந்தால் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.