புதுப் பேட்டரி போட்டும் முனகும் வண்டி

பேட்டரி வாங்கி மூன்று மாதந்தான் ஆகிறது. அதிலுள்ள நீரின் மட்டமும் சரியாகவே இருக்கிறது. ஆயினும் விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் இரண்டு முறை முனகிவிட்டு நின்றுவிடுகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பிக்கப் வண்டி வைத்திருப்போர் பலருக்கும் இது பழகிய காட்சி. 'பேட்டரி வீக்' என்ற தீர்ப்பும் உடனே கிடைத்துவிடும்.

எங்கள் தெருவில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் அன்பர் ஒருவர் இப்படி ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரிகளை மாற்றினார். மூன்றாவதற்குப் புறப்படும்போதுதான் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, காலேஜுல கரண்டுப் பாடந்தானே நடத்துறீங்க. இது ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார். நான் பட்டறைத் தொழில் பயின்றவன் அல்லன். என்னிடம் இருந்தவை ஒரு மல்டிமீட்டரும், 1845-ஆம் ஆண்டில் கிர்க்காஃப் வகுத்த விதி ஒன்றும்தான்.

அந்த விதி மிக எளியது. ஒரு மூடிய மின்சுற்றில் மின்கலம் தரும் மின்னழுத்தம் முழுவதும் அச்சுற்றின் பகுதிகளில் எங்கேனும் செலவாகியே தீரவேண்டும். மோட்டாருக்குப் போய்ச் சேராத வோல்ட் மாயமாய் மறைந்துவிடவில்லை. வழியில் எங்கோ செலவாகிறது. எங்கே என்று தேடுவதுதான் நம் வேலை.

வண்டியின் பேட்டரியில் ஆறு கலங்கள் தொடராக உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட் தருவதால், முழுதும் மின்னேற்றிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். ஓய்வில் எடுத்த இந்த அளவை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். மின்னோட்டம் இல்லாதபோது மின்தடை எவ்வளவு இருந்தாலும் அதில் வோல்ட் இழப்பு ஏற்படாது. ஓமின் விதிப்படி இழப்பு என்பது ஓட்டத்தையும் தடையையும் பெருக்கி வருவது அல்லவா? டீசல் வண்டியின் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். வழியில் துருவேறிய மூட்டு ஒன்றின் தடை ஓம் அளவில் நூறில் ஒரு பங்குதான் என்று கொள்வோம். 200 ஆம்பியர் பாயும்போது அங்கே 2 வோல்ட் போய்விடும். 400 வாட் சக்தி, அதாவது நான்கு நூறு வாட் பல்புகளின் சக்தி, அந்த ஒரு மூட்டைச் சூடாக்குவதில் வீணாகிறது.

'அப்படியானால் அந்தத் தடையையே மீட்டரால் அளந்துவிடலாமே' என்று கேட்கலாம். முடியாது. மீட்டரின் முள்கம்பிகளும் வயரும் சேர்ந்தே அதைவிடப் பல மடங்கு தடை உடையவை. ஆகவே ஓட்டம் பாயும்போதே வோல்ட் இழப்பை அளக்க வேண்டும்.

வண்டியை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் கிளம்பாதபடி அதை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, ஒருமுறைக்கு மூன்று நான்கு விநாடிக்கு மேற்படாமல் செல்ஃபைச் சுழற்றினோம். முள்ளைப் பேட்டரியின் ஈயத் தண்டின் மேலேயே வைக்க வேண்டும். அதைக் கவ்வியுள்ள கிளாம்பின் மேல் வைத்தால், அவ்விரண்டுக்கும் இடையிலான இழப்பு கணக்கில் வராமல் போய்விடும்.

செல்ஃப் சுழலும்போது பேட்டரியின் இரு தண்டுகளுக்கிடையே 11.0 வோல்ட். இந்த ஒரு அளவே வழக்கைப் பாதி முடித்துவிட்டது. பாரம் இழுக்கும்போது பழுதான பேட்டரி 9 வோல்ட்டுக்கும் கீழே சரிந்திருக்கும். அடுத்து, நேர்த் தண்டிலிருந்து மோட்டாரின் பெரிய போல்ட் வரை அளந்தால் 0.4 வோல்ட்; இது பொறுக்கத்தக்கது. எதிர்த் தண்டிலிருந்து மோட்டாரின் உடல் வரை அளந்தபோது மீட்டர் 1.9 காட்டிற்று. 11.0-இல் இவ்விரண்டையும் கழித்தால், பாவம், மோட்டாருக்குக் கிடைத்தது 8.7 வோல்ட்தான்.

குற்றவாளி எர்த் பக்கத்தில் ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. அந்த வழியைத் துண்டு துண்டாக அளந்தோம். சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் மட்டும் 1.6 வோல்ட்! எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மீது உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே செம்பு இழைகளைப் பின்னிய பட்டை ஒன்று இரண்டையும் இணைக்கிறது. இவ்வண்டியில் அந்தப் பட்டையின் இழைகள் பாதி அறுந்து, மீதி பச்சை பூத்துக் கிடந்தன. போதாக்குறைக்கு, எப்போதோ சேசிஸுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அதன் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தார்கள்.

இந்தப் பட்டை கெட்டால் மின்னோட்டம் சும்மா இராது. திரும்பிச் செல்ல வேறு வழி தேடி, ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் ஆகியவற்றின் உலோக உறை வழியாகப் பாயும். மெல்லிய கேபிள் சூடேறி உள்ளுறை இளகிவிடும். ஆக்சிலேட்டர் கேபிள் அடிக்கடி இறுகுகிறது என்று அவர் முன்பே குறைப்பட்டிருந்தார். அதற்கும் செல்ஃபுக்கும் உறவு உண்டு என்று யார்தான் நினைப்பார்கள்?

பார்வைக்கு இறுக்கமாக இருக்கும் மூட்டு ஏன் தடை செய்கிறது? இரண்டு உலோகப் பரப்புகள் பொருந்தும்போது அவை உண்மையில் தொடுவது மிகச் சிறிய சில மேடுகளில் மட்டுமே. மின்னோட்டம் முழுவதும் அந்தப் புள்ளிகளின் வழியே நெருக்கியடித்துச் செல்கிறது. துருவும் அமிலப் புகையால் உண்டாகும் உப்புகளும் அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துவிடுகின்றன. உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக முடுக்கி, அதன் பிறகு மேலே வாசலின் தடவுவதே மருந்து. பேட்டரித் தண்டில் பூத்த வெண்பூச்சை வெந்நீரில் கரைத்த ஆப்பசோடாவால் கழுவலாம். அக்கரைசல் கலத்தினுள் இறங்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். வண்டியின் உடல் முழுவதும் எதிர்முனையோடு சேர்ந்தது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கையைப் பொசுக்கிவிடும். மின்னேற்றத்தின்போது கலங்களிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருவதால், அருகில் பீடி, தீக்குச்சி வேண்டாம்.

புதிய பட்டை போட்டபின் எர்த் பக்க இழப்பு 0.3 வோல்ட்டுக்கு இறங்கிற்று. பேட்டரியின் அளவோ 11.0-லிருந்து 10.8 ஆகக் குறைந்தது! அன்பர் முகம் வாடினார். உண்மையில் அது நல்ல அறிகுறி. தடை நீங்கியதால் மோட்டார் கூடுதல் ஓட்டத்தை இழுக்கிறது. எஞ்சின் முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டது. எடைக்குப் போட்ட அந்த இரண்டு பேட்டரிகளின் நினைவு வந்திருக்க வேண்டும். சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

அன்று இரவே ஹெட்லைட்டையும் பார்த்தோம். பழைய வண்டிகளில் விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஓட்டுநர் முன்னுள்ள சுவிட்சுக்கு வந்து, டிம்மர் சுவிட்சில் நுழைந்து, மறுபடி முன்புறம் போகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், விளக்கின் சாக்கெட்டில் 11.6. இரண்டு விளக்குகளும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கின்றன. 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி நான்கு மீட்டர் ஓடினால் அதிலேயே 0.9 வோல்ட் போகும். மீதியைத் தேய்ந்த சுவிட்சுகளும் எர்த்தும் தின்றன.

'16 சதவீத வோல்ட்தானே' என்று தள்ளிவிட வேண்டாம். வோல்ட் குறையும்போது டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை தாழ்கிறது; அது உமிழும் ஆற்றலில் கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிரின் பங்கு கூடுகிறது. இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும். கணக்கிட்டால் 45 சதவீத ஒளி போய்விட்டது! ஒளிச்செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், முன்பு 60 மீட்டரில் தெரிந்த மாடு இப்போது 45 மீட்டரில்தான் தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கை மிதிக்கவே ஒன்றரை விநாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் வண்டி 25 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக்கிலும் நிற்க மேலும் 28 மீட்டர் வேண்டும். மொத்தம் 53 மீட்டர். 60-க்கும் 45-க்கும் நடுவில்தான் அந்த எண் இருக்கிறது.

இதற்குப் பரிகாரம் ரிலே. பழைய சுவிட்ச் இனி ரிலேயின் காந்தச் சுருளை மட்டும் இயக்கும். அதற்கு ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. காந்தம் இழுக்கும் தொடுமுனை வழியாகப் பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேரே மின்சாரம் போகும். ரிலேயில் 30 என்ற முனை பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 85-உம் 86-உம் சுருளுக்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தொலைவிற்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் இல்லாமல் இவ்வேலையில் இறங்கவே கூடாது. சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். முதலில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். எங்கள் வேலை முடிந்தபின் சாக்கெட்டில் 13.3 வோல்ட் கிடைத்தது.

இதைச் செய்யாமல் நூறு வாட் பல்பு மாட்டுவோரும் உண்டு. ஓட்டம் கூடுவதால் வழியிலுள்ள இழப்பும் கூடும், சாக்கெட்டும் உருகும். எதிரில் வருபவர் கண்ணும் கூசும். மற்றொன்று, பல்பின் ஆயுள் மின்னழுத்தத்தின் சுமார் 13-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. 5 சதவீதம் கூடினால் ஆயுள் பாதியாகிவிடும். ஆகவே டைனமோ என்று பட்டறைகளில் வழங்கும் ஆல்டர்னேட்டர் 14.5 வோல்ட்டுக்கு மேல் தந்தால் முதலில் அதன் ரெகுலேட்டரைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பிரேக்கை மிதிக்கும்போது பின்புற இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தால் பல்பை மாற்றாதீர்கள். பின்விளக்கின் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள்.