கரும்பு வயலில் அந்துப்பூச்சியும் குளவியும்

கரும்பில் துளையைக் கண்ட பிறகு ஒட்டுண்ணி அட்டை கேட்டு வரும் அங்கத்தினர்கள் பலர். துளைபட்ட கணுவுக்கு அவ்வட்டையால் யாதொரு பயனும் இல்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம். காரணத்தை அறிய இவ்விரு பூச்சிகளின் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

தமிழ்நாட்டுக் கரும்பைத் தாக்கும் இடைக்கணுப் புழுவின் தாய், வைக்கோல் நிறமுள்ள ஓர் அந்துப்பூச்சி. அது கரும்பைக் கடிப்பதில்லை. தோகையில் முட்டைகளை வரிசையாக இட்டுச் செல்வதோடு அதன் வேலை முடிந்தது. 5, 6 நாட்களில் வெளிவரும் புழுவே இளங்கணுவைத் துளைத்து உட்புகுந்து, துளையின் வாயைத் தன் கழிவால் அடைத்துக்கொள்கிறது. அதன் பின் மருந்து தெளித்தாலும் புழுவின்மேல் படுவது அரிது. கணு குறுகும், எடையும் சாறும் குறையும்.

டிரைக்கோகிரம்மா என்னும் குளவியோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமே உடையது. குளவி என்றதும் கொட்டுமோ என அஞ்ச வேண்டா. கையில் ஊர்ந்தாலும் நமக்குத் தெரியாது. இஃது அந்துப்பூச்சியின் முட்டையைத் தேடித் துளைத்து, அதனுள் தன் முட்டையை இடுகிறது. குளவியின் குஞ்சு உள்ளிருப்பதை உண்டு வளர்கையில் அம்முட்டை கறுத்துவிடும். சுமார் 8 முதல் 10 நாட்களில், புழு வரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வெளிவரும். ஆகவே முட்டை முட்டையாக இருக்கும் அச்சில நாட்களே குளவிக்கு வாய்த்த காலம். புழு பிறந்துவிட்டால் குளவி அதனைத் தீண்டாது.

இக்குளவியை வளர்ப்பதற்கும் ஓர் அந்துப்பூச்சியே உதவுகிறது என்பது வேடிக்கை. சேமித்த அரிசியைக் கெடுக்கும் அந்தின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றினுள் குளவியை முட்டையிடச் செய்கின்றனர். ஒரு சி.சி. அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டைகள் உண்டு. ஏக்கருக்கு ஒரு சி.சி. வீதம், நட்ட 4ஆம் மாதம் முதல் 15 நாட்களுக்கு ஒரு முறையாக 6 முறை கட்டுதல் வேண்டும்.

அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, வெயிலும் மழையும் படாதவாறு தோகையின் அடிப்புறத்தில், காலையிலோ மாலையிலோ கட்டுக. எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்க. கறுத்த அட்டையை நாளை பார்ப்போம் என மாடத்தில் வைத்திருந்து, குளவிகள் பைக்குள்ளேயே பிறந்து மடிந்ததை நாம் கண்டிருக்கிறோம். கட்டிய வாரத்தில் மருந்து தெளிப்பதும் அதற்கு ஒப்பான நட்டமே. குளவி மருந்துக்கு எளிதில் பலியாகும். பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்தும் காற்றில் வந்து சேரும். ஆதலின் அட்டை வாங்குமுன் அவ்வயல்காரரிடம் ஒரு சொல் சொல்லி வைப்பது நன்று.