ஆஸ்பத்திரிச் சாப்பாடா, வீட்டுக் கஞ்சியா?
காசநோயாளிகளை வைத்துச் சென்னையில் நடந்த சோதனை

எலும்புருக்கி!

ஒரு காலத்தில் இந்தப் பெயரை வீட்டில் உரக்கச் சொல்லவே பயப்படுவார்கள். காசநோய்க்கு மக்கள் வைத்த பெயர் அது. இருமல் வரும். மாலையில் காய்ச்சல் அடிக்கும். சளியில் ரத்தம் தெரியும். உடம்பு நாளுக்கு நாள் உருகிப்போகும்.

மருந்து கிடையாது. அப்படியானால் டாக்டர்கள் என்னதான் செய்தார்கள்?

"நன்றாகச் சாப்பிடு, நல்ல காற்றைச் சுவாசி, படுத்து ஓய்வெடு" என்றார்கள். இதற்காகவே ஊருக்கு வெளியே சானடோரியங்கள் எழுந்தன. சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1928-ம் ஆண்டு டாக்டர் சவுரி முத்து தொடங்கியது அப்படிப்பட்ட ஒன்றுதான். பால், முட்டை என்று சத்துள்ள உணவு கொடுத்து, மாதக் கணக்கில் நோயாளியைப் படுக்க வைத்திருப்பார்கள்.

விலா எலும்பை வெட்டினார்கள்

சாப்பாட்டுக்கு மசியாத நோய்க்குக் கத்தியை எடுத்தார்கள்.

கை முறிந்தால் அசையாமல் கட்டுப் போடுகிறோம் அல்லவா? நுரையீரலையும் அதுபோல அசையாமல் வைத்தால் புண் ஆறும் என்பது அவர்கள் எண்ணம். இத்தாலிய டாக்டர் கார்லோ போர்லானினி 1882-ம் ஆண்டு இதற்கு ஒரு வழி சொன்னார். மார்புக் கூட்டுக்கும் நுரையீரலுக்கும் இடையே ஊசி வழியாகக் காற்றைச் செலுத்துவது! நுரையீரல் பலூன் போலச் சுருங்கிவிடும். உள்ளே போன காற்று மெல்லக் கரைந்துவிடும் என்பதால், நோயாளி திரும்பத் திரும்ப ஊசி குத்திக்கொள்ள வேண்டும்.

அதுவும் பலிக்காவிட்டால் பெரிய ஆபரேஷன். ஒரு பக்கத்து விலா எலும்புகள் பலவற்றை வெட்டி எடுத்துவிடுவார்கள். மார்பு உள்ளே குழிந்து, நுரையீரலை அமுக்கிவிடும். பிழைத்தவர்கள் ஒரு பக்கம் ஒடுங்கிய உடம்போடு வாழ்நாளைக் கழித்தார்கள். படிக்கும்போதே நமக்கு உடம்பு நடுங்குகிறது. ஆனால் அதனால் உயிர் தப்பியவர்களும் உண்டு.

மாத்திரை வந்தது

1940-களில் ஸ்டெரப்டோமைசின் ஊசி வந்தது. 1952-ம் ஆண்டு ஐசோனியசிட் மாத்திரை வந்தது. விலையும் மலிவு. இனி விலா எலும்பை வெட்ட வேண்டியதில்லை!

ஆனால் ஒரு பெரிய கேள்வி நின்றது. நோயாளிகளோ லட்சக்கணக்கில். சானடோரியத்தில் படுக்கைகளோ கொஞ்சம். இடமே கிடைத்தாலும், சம்பாதிக்கும் தகப்பன் ஒரு வருஷம் அங்கே போய்ப் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? பால் குடிக்கும் குழந்தையை விட்டுத் தாய் போவது எப்படி?

மாத்திரையை வீட்டிலேயே கொடுத்தால் என்ன?

"கூடாது" என்றார்கள் பலர். ஏழை வீட்டில் முட்டை ஏது, பால் ஏது, ஓய்வுதான் ஏது? நோய் தீராது. அது மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் தொற்றிவிடும் என்றார்கள். நியாயமான பயம்தான்.

சேத்துப்பட்டில் சோதனை

இதைத் தீர்த்துவைக்க 1956-ம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. சென்னை அரசாங்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. இங்கிலாந்து டாக்டர் வாலஸ் பாக்ஸ் முன்னின்றார்.

193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்தார்கள். டாக்டரின் விருப்பத்துக்கோ, நோயாளியின் சிபாரிசுக்கோ அதில் இடமில்லை. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

வீட்டில் இருந்தவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? ஊழியர்கள் திடீரென்று வீட்டுக்குப் போய் மிச்ச மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள். மருந்தைத் தெருவில் கொட்டிவிட்டு "சாப்பிட்டேன்" என்று சொல்ல முடியாது!

1959-ம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் 100-க்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் 100-க்கு 86 பேருக்கு! வித்தியாசம் அதிகம் இல்லை.

சாப்பாட்டையும் கணக்கெடுத்திருந்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, அதிகம் ஓய்வெடுத்து, எடையும் கூடியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் அரைகுறைச் சாப்பாட்டோடு வேலையும் பார்த்தார்கள். அப்படியிருந்தும் மருந்து அவர்களைக் குணமாக்கியது. வீட்டில் இருந்தவர்களுக்கு 5 வருஷம் வரை கவனித்தும், சிகிச்சை வீட்டில் நடந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்று தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் காலியானதில் இந்தச் சோதனைக்குப் பெரும் பங்கு உண்டு.

அப்படியானால் சாப்பாடு வீணா?

அப்படி முடிவு கட்டியவர்கள் உண்டு. அது அவசரம் என்றே சொல்ல வேண்டும். வந்த நோயைத் தீர்க்க மருந்து போதும் என்றால், நோய் வராமல் தடுக்கவும் சாப்பாடு வேண்டாம் என்று ஆகிவிடுமா?

இதையும் சோதித்துப் பார்த்தார்கள். 2019-ம் ஆண்டு ஜார்க்கண்டில் தொடங்கிய ஆராய்ச்சி அது. அதே சேத்துப்பட்டு நிலையத்தினருக்கும் அதில் பங்கு உண்டு. 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு உணவுப் பொருளும் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டில் இருந்தவர்கள் 10,345 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். மற்றொரு பிரிவினருக்கு அது இல்லை.

2023-ம் ஆண்டு முடிவு வந்தது. அரிசி, பருப்பு பெற்ற வீட்டாரிடம் காசநோய் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது! நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியவர்களிடையே சாவு குறைவாக இருந்தது.

காசநோயாளியின் உணவுக்காக மத்திய அரசு 2018-ம் ஆண்டு முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. பணம் நோயாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. மருந்து இலவசம், சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் சாப்பிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அரசு ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். அதற்கும் காசு இல்லை.