இந்திய அமைதி காக்கும் படையும் தமிழகக் கடலோரப் பாதுகாப்பும்

பயங்கரவாதத்தைத் தடுக்க ஒரு நாடு தன் எல்லையைக் காப்பதா, அயல்நாட்டுக்குப் படை அனுப்புவதா என்ற விவாதத்தில் இந்தியாவின் இலங்கை அனுபவம் முக்கியமான சான்றாகும். 1987ஆம் ஆண்டு இலங்கைக்குப் படை அனுப்பிய பிரதமர் ராஜீவ் காந்தி, 1991 மே 21 அன்று இரவு ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்தபோது மனித வெடிகுண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். இன்று ஒரகடம் வரை வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கும் இவ்வூரில் அவரது நினைவிடம் உள்ளது. அயலகப் படை நடவடிக்கை, கடலோரக் காவல் ஆகிய இரண்டின் குறைகளும் இந்நிகழ்வில் ஒன்றுசேர்ந்தன.

அயல்மண்ணில் படை

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெ. ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்துகொண்டனர். போர்நிறுத்தத்தைக் கண்காணிப்பதும் போராளிக் குழுக்களின் ஆயுதங்களைப் பெறுவதுமே இந்திய அமைதி காக்கும் படையின் பணி. போர் புரிவது அதன் தொடக்க நோக்கமன்று. ஆனால் அவ்வாண்டு அக்டோபரிலேயே விடுதலைப் புலிகளுடன் போர் மூண்டது. 'ஆபரேஷன் பவான்' நடவடிக்கையில் யாழ்ப்பாண நகரம் கைப்பற்றப்பட்டது. புலிகளோ காடுகளுக்குள் பின்வாங்கிக் கெரில்லாப் போரைத் தொடர்ந்தனர்.

இப்போரில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். பொதுமக்களும் பெருமளவில் பாதிக்கப்பட்டனர். 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டது, காக்க வந்த படை என்ற நம்பிக்கையைக் குலைத்தது. 1989இல் பிரேமதாசா அரசே படை வெளியேற வேண்டும் என்று கோரியது. 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி நாடு திரும்பியது.

கடலோரத்தின் நிலை

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 1980களின் முற்பகுதியில் ஈழப் போராளிக் குழுக்களுக்கு இந்தியாவிலேயே பயிற்சியும் ஆதரவும் கிடைத்தன. எரிபொருளும் மருந்தும் படகுகளில் சென்றன. காயமுற்றோர் சிகிச்சைக்காக இக்கரைக்கு வந்தனர். எனவே கடல்வழி திறந்திருந்ததற்குக் காவல் குறைவு மட்டும் காரணமன்று. அரசே கண்டும் காணாமல் இருந்ததும் காரணமாகும். பழகிப்போன அந்த வழியைப் பின்னர் ஓர் உத்தரவால் அடைத்துவிட முடியவில்லை.

1990 ஜூன் 19 அன்று ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணித் தலைவர் பத்மநாபாவும் அவரது தோழர்களும் சென்னைக் கோடம்பாக்கத்தில் கொல்லப்பட்டனர். கொலையாளிகள் கடல்வழியே தப்பினர். அம்மாதமே இந்தியக் கடற்படை 'ஆபரேஷன் தாஷா' என்ற ரோந்துப் பணியைத் தொடங்கியது. ஆயினும் 1991 மே மாதத் தொடக்கத்தில் சிவராசன் குழு படகில் கோடியக்கரை வந்து இறங்கியது. மூன்று வாரங்களில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பிரதமர் பதவியிலிருந்து விலகியபின் அவருக்குச் சிறப்புப் பாதுகாப்புக் குழுவின் காவல் இல்லாததும் இங்கு கருதத்தக்கது.

இக்கொலைக்கு அமைதி காக்கும் படையின் நடவடிக்கைகளால் எழுந்த பகையே காரணம் என்பது வழக்கில் வெளிப்பட்டது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் கொலைக் குற்றத்தை உறுதிசெய்தபோதும், தடா சட்டத்தின் பொருளில் இது பயங்கரவாதச் செயல் ஆகாது என்று கூறியது.

ஒப்பீடு

அயலகப் படை நடவடிக்கை, எதிரியின் தளத்தையே தாக்க வல்லது. ஆனால் அது அந்நாட்டு அரசின் இசைவையும் மக்களின் நம்பிக்கையையும் சார்ந்தது. இவ்விரண்டும் போனால் படையே சண்டையில் ஒரு தரப்பாகி, புதிய பகையை ஈட்டுகிறது. ஆப்கானிஸ்தானில் 20 ஆண்டுகள் போரிட்ட அமெரிக்கா 2021இல் வெளியேறியபோது தாலிபான் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது.

எல்லைக் காவலுக்கு எவருடைய இசைவும் தேவையில்லை. ஆயினும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தமிழகக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான மீன்பிடிப் படகுகளுக்கு இடையே ஒரு படகைப் பிரித்தறிவது கடினம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பத்துப் பேரும் இந்திய மீன்பிடிப் படகு ஒன்றைக் கடத்தியே வந்தனர். அதன்பின் கடலோரக் காவல் நிலையங்களும் ரேடார்களும் பெருகின. மீனவர்களுக்கு அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. இக்காவலின் சுமை மீனவர்கள் மீது விழுகிறது. 1991க்குப் பின் முகாம்களில் வாழ்ந்த ஈழ அகதிகளும், கொலையில் தொடர்பே இல்லாதபோதும், கடும் கண்காணிப்புக்கு ஆளாயினர்.

இவ்விரண்டுக்கும் அடித்தளமாக இருப்பது உளவுத் தகவல். 2019 ஏப்ரலில் இலங்கையில் ஈஸ்டர் நாள் குண்டுவெடிப்புக்கு முன்பே இந்தியா எச்சரிக்கை அனுப்பியிருந்தது. இலங்கை அதிகாரிகள் அதன்மீது உரிய நடவடிக்கை எடுக்கவில்லை. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தகவல் உரிய நேரத்தில் கிடைத்தால் மட்டும் போதாது, அதன்படி செயல்படவும் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

இலங்கை அனுபவத்திலிருந்து பெறத்தக்க முடிவு, எல்லைக் காவல் எப்போதும் சிறந்தது என்பதன்று. அயல்மண்ணில் படை இறக்கும் அரசு, அதனால் எழும் பகை தன் கரைக்குத் திரும்பி வரக்கூடும் என்பதை முன்னரே கணக்கில் கொள்ள வேண்டும். இந்தியப் படை திரும்பி வந்து 14 மாதங்களுக்குள் ஸ்ரீபெரும்புதூர் நிகழ்வு நடந்துவிட்டது.