கண்ணுக்கு ஒன்று, கணனிக்கு இரண்டு

இலக்கியம் பேசும் இந்நிகழ்ச்சியில் கணனிக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். ஒரு கவிதை காணாமற்போய்க் கிடைத்த கதை இது.

காலஞ்சென்ற என் நண்பரொருவர், தொண்ணூறுகளின் இறுதியில் தம் கவிதைகளைக் கணனியில் தட்டச்சுச் செய்து இறுவட்டொன்றில் வைத்திருந்தார். கையெழுத்துப் பிரதிகள் இடப்பெயர்வில் அழிந்துபோயின. அவரது துணைவியார் அந்த வட்டை என்னிடம் கையளித்தார். திறந்து பார்த்தேன், தமிழே இல்லை. ஓரிடத்தில் ஆங்கில ஜே, கே, பீ, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் பழகியவனாதலால் விளங்கியது: அது ‘தமிழ்’ என்ற சொல்!

பாமினி செய்தது வேடம் பூட்டும் வேலை. கணனி ஆங்கில எழுத்துகளின் எண்களையே சேமிக்கும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் அணிவிக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் வேடம் கலைந்துவிடும்.

1991 இல் முதற்பதிப்புக் கண்ட யுனிகோட் எனும் ஒருங்குறியின் வழி வேறு. அது உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்குகிறது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். ககரத்தின் எண் 2965. அது வேறெந்த எழுத்துக்கும் உரியதன்று.

நமது 247 எழுத்துகளும் 128 இடங்களில் எவ்வாறு அடங்கும்? அகரமேறிய மெய்க்கு ஓர் எண். அதனோடு சேரும் குறிக்கு இன்னோர் எண். இலக்கணத்தில் ‘க்’ உடன் ‘அ’ சேர்ந்து ‘க’ ஆகும். ஒருங்குறியிலோ 2965 ஆகிய ‘க’வுடன் 3021 ஆகிய புள்ளி சேர்ந்தே ‘க்’ பிறக்கிறது. தொல்காப்பியம் கற்றோர்க்கு இது தலைகீழாகவே தோன்றும்.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. ‘கொ’ என்பதைப் பாமினி கண்ணிற்படும் ஒழுங்கில் வைக்கும்: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு. ஒருங்குறி ஒலிக்கும் ஒழுங்கில் வைக்கும்: முதலில் ககரம், அடுத்து 3018 என்னும் ஒகரக் குறி.

மாற்றி ஒன்றின் உதவியால் கவிதைகளை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தேன். துணைவியார் கேட்டது கொழும்பைப் பற்றிய ஒரு கவிதையை. ‘கொழும்பு’ என்று தட்டித் தேடினேன். இல்லை என்றது கணனி.

“அவர் எழுதினவர் தம்பி. எனக்கு வாசிச்சும் காட்டினவர்” என்றார் அவர்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், தலைப்பிலேயே கொழும்பு இருந்தது!

மாற்றி, கொம்பை ககரத்தின் பின்னே நகர்த்தியிருந்தது. ஆனால் அரவோடு இணைக்கவில்லை. அதனால் 2965, 3014, 3006 என மூன்று எண்கள். நான் தட்டியதோ 2965, 3018 என இரண்டு. திரையில் இரண்டும் ஒரே ‘கொ’. இவ்விரு வடிவங்களும் சமம் என்பது ஒருங்குறியின் விதி. என்னிடமிருந்த மென்பொருள் அவ்விதியைப் பேணவில்லை.

பழைய எழுத்துருக்களில் ஆக்கங்களை வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றை விரைவில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது நன்று. மாற்றிய பின், பிரிந்து கிடக்கும் குறிகளையும் இணைத்துவிடுங்கள். கணனி இல்லை என்று சொன்னால் உடனே நம்பிவிடவும் வேண்டாம். அந்த அம்மையார் நம்பியிருந்தால் அக்கவிதை இன்று நமக்கில்லை.